இடது பக்கம் வேலை செய்யவில்லை

அக்டோபர் 21, செவ்வாய்

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், பதினொன்றாம் வகுப்பு 'பி' பிரிவு மாணவர் தரணிஷ் அவர்களின் வயர் ஹெட்செட்டினுடைய இடது காது, இன்று காலை ஏழு பத்துக்கு இயற்கை எய்தியது. வயது ஒன்றரை. வலது காது துக்கத்தில் பேச முடியாமல் இருக்கிறது என்று எழுத ஆசைதான். ஆனால் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கிறது. அன்னாரது உடல் பத்து நிமிடம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, பின்னர் ஐந்தாம் வகுப்பு படிக்கும் தங்கை மகிழினிக்குத் தானமாக வழங்கப்பட்டது. மலர்வளையம் வேண்டாம். பணமாகக் கொடுக்கவும்.

நேற்றைய தீபாவளியைப் பற்றியும் வரலாறு பேச வேண்டும். பழைய பெயிண்ட் டப்பாவைக் கவிழ்த்து, அதற்கடியில் ஓர் அணுகுண்டு. மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் மதியத் தூக்கம் போடுகிற நேரம். டப்பா இரண்டாவது மாடியைத் தாண்டிப் போனது. மனிதர் கைலியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். நான் அதற்குள் தெருமுனை டீக்கடை பெஞ்சில் நல்ல பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன். வெடிவேந்தன் என்று எனக்கு நானே பட்டம் சூட்டிக்கொண்டேன். வேறு யாரும் முன்வரவில்லை.

அப்பா டவுன் பஸ் கண்டக்டர். வீட்டிலும் பின்படிக்கட்டு வரை கேட்கிற குரலில்தான் பேசுவார்.

"போன வருசம் பக்கத்துத் தெருப் பயலுக்கு இப்பிடித்தான் கண்ணு போச்சு. டப்பாவுல வெடி வச்சது நீன்னு மட்டும் தெரிஞ்சுச்சு, காதத் திருகிக் கையில குடுத்துருவேன்."

"நான் டீக்கடையில இருந்தேன்ப்பா. வேணும்னா கேட்டுப் பாருங்க."

கேட்டுப் பார்க்கவில்லை. இந்த மாதிரி நம்பிக்கையில்தான் குடும்பம் ஓடுகிறது.

தீபாவளி வசூல் ஆயிரத்து இருநூறு. வயரில்லாத இயர்பட்ஸ் வாங்கப்படும்.

அக்டோபர் 22, புதன்

ஆராய்ச்சி. பதினேழு வீடியோ பார்த்தேன். பதினேழு பேரும் பதினேழு பெட்டியைப் பிரித்து 'வேற லெவல்' என்றார்கள். எல்லாமே வேற லெவல் என்றால் இந்த லெவலில் இருப்பது யார்?

நானே கண்டுபிடித்தது இதுதான். நாற்பது மணி நேரம் பேட்டரி என்று போட்டிருந்தால் அது டப்பாவின் பெருமை. காதில் போடுகிற மொட்டு ஐந்து மணி நேரத்தில் படுத்துவிடும். தண்ணீர் புகாது என்றால் வேர்வை புகாது என்று அர்த்தம், குளிக்கப் போகக்கூடாது. இந்த விலையில் வெளிச்சத்தம் அடங்குவது ரப்பர் காதை அடைத்துக்கொள்வதால், மற்றதெல்லாம் அட்டைப்பெட்டியில் அச்சடித்த கவிதை. கேம் ஆடுகிறவன் தாமதத்தைப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் நான் செத்துப் பிணவண்டி வந்த பிறகுதான் துப்பாக்கிச் சத்தம் வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, கடையிலேயே போட்டுக் கேட்டுவிட்டு, பில் வாங்கிக்கொண்டுதான் வெளியே கால் வைக்க வேண்டும்.

ஆன்லைனில் விலை குறைவு. ஆனால் சண்டை போட ஒரு முகம் கிடைக்காது. ஆகவே கடை.

அக்டோபர் 23, வியாழன்

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஜெரோம் செல் கார்னர். ஓனர் ஜெரோம் சனிக்கிழமை மட்டும் வந்து கல்லாவைப் பார்த்துவிட்டுப் போவாராம். மற்ற நாள் முழுக்க பெனிட்டா அக்காவின் ஆட்சி. கொண்டையில் பேனா செருகியிருந்தார். அந்தப் பேனாவை விட நாக்கு கூர்மை.

"என்ன வேணும்?"

"இயர்பட்ஸ். நல்லதா, கம்மியா."

"ரெண்டுல ஒண்ணச் சொல்லு."

தண்டர்பீட் என்று ஒன்றை எடுத்துக் காட்டினார். ஆயிரத்து நூறாம்.

"ஆன்லைன்ல எண்ணூறுக்குப் போட்டிருக்காய்ங்க."

"அப்ப அத அங்கிட்டே வாங்கிக்க. இங்கிட்டு எதுக்கு வந்து கண்ணாடியில கை ரேகை பதிக்கிற?"

"எண்ணூத்தம்பது."

"தொள்ளாயிரம். இதுக்கு மேல பேசினா பெட்டிய உள்ள வச்சிருவேன்."

தொள்ளாயிரம். பில் எழுதிக்கொண்டே, "இங்கயே போட்டுப் பாத்துட்டுப் போ. நாளைக்கு வந்து நிக்காத" என்றார்.

போட்டுப் பார்க்கவில்லை. எதிரி சொல்வதைச் செய்வது என் கொள்கைக்கு விரோதம்.

அக்டோபர் 24, வெள்ளி

நினைத்தேன். இடது பக்கம் வேலை செய்யவில்லை.

பள்ளிக்கூடம் விட்டு நேராகக் கடைக்கு. பெனிட்டா அக்கா இடது மொட்டை எடுத்துத் தன் காதில் வைத்துக் கேட்டார்.

"நல்லாத்தான கேக்குது. பாட்டுத்தான் மொக்கையா இருக்கு. அது ஒன் தப்பு."

"ஒங்களுக்குக் கேக்கும். வித்தவங்களுக்கெல்லாம் நல்லாத்தான் கேக்கும்."

அவர் மொட்டைக் காதிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னடா இது, ரப்பர்ல மஞ்சளா?"

"புதுப் பொருள்ல, அதான் மஞ்சள் வச்சேன். மங்களகரமா இருக்கட்டும்னு."

பஞ்சில் ஸ்பிரிட் நனைத்து முதலில் மொட்டை, பிறகு தன் காதை, அப்புறம் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். என்னைப் பார்த்துக்கொண்டே துடைத்தார். மாற்றிக் கொடுத்தார்.

"ரிட்டன் வந்தா ஓனருக்குப் பதில் சொல்றது நானு. இன்னொரு தடவ வந்தேன்னு வையி, பெட்டியோட சேத்து ஒன்னையும் கம்பெனிக்கு அனுப்பிருவேன்."

மிரட்டுகிறவர்களைத்தான் மறுபடி போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது.

அக்டோபர் 25, சனி

இன்று எழுத ஒன்றுமில்லை. காலை முழுக்க பாத்ரூமில் இருந்தேன். வயிறு சரியில்லை.

அக்டோபர் 26, ஞாயிறு

போர்ப் பிரகடனம். இரண்டாவது தண்டர்பீட்டும் இடது பக்கம் ஊமை. ஒரு முறை என்றால் விபத்து, இரண்டு முறை என்றால் சதி.

கடையில் ஒரு கணவன் மனைவி போனுக்கு உறை பார்த்துக்கொண்டிருந்தார்கள். நல்ல கூட்டம் இருக்கும்போதுதான் நான் நன்றாகப் பேசுவேன்.

"அக்கா, கடைப் பேர மாத்துங்க. ஒத்தக்காது ஸ்டோர்ஸ்னு வைங்க. ரெண்டு காது உள்ளவங்க ஏமாறாமப் போயிருவாங்கல்ல."

கணவன் மனைவி உறையைக் கீழே வைத்துவிட்டு நழுவினார்கள். பெனிட்டா அக்கா உறையை எடுத்து மறுபடி கொக்கியில் மாட்டினார். பிறகு மெதுவாகப் பேசினார். கத்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும்.

"அந்த ஏவாரம் போச்சு. சந்தோசமா?"

"எனக்குப் போனது தொள்ளாயிரம்."

"எரநூறு சேத்துக் குடு. மெலோபாட் தாரேன், வேற கம்பெனி. இதான் கடைசி. இதுல எழுதிக் கையெழுத்துப் போடு."

இருநூறு கொடுத்தேன். பில்லின் பின்னால் 'இனி வரமாட்டேன்' என்று எழுதி, தரணிஷ், ஐ.ஏ.எஸ். என்று கையெழுத்துப் போட்டேன். கையில் மிச்சம் நூறு.

அக்டோபர் 27, திங்கள்

வகுப்பில் கெமிஸ்ட்ரி சார் மூன்று முறை என் பெயரைக் கூப்பிட்டாராம். நான் திரும்பவில்லையாம். எதிர்ப்பைத் தெரிவிக்கும் வகையில் திரும்பவில்லை என்று எழுதிக்கொள்கிறேன்.

இடைவேளை முடிந்ததும் சுதர்சன் தன் பையைத் தூக்கிக்கொண்டு வந்து என் வலது பக்கம் உட்கார்ந்தான். இரண்டு வருடமாக அவன் இடம் இடது பக்கம். சுதர்சன் என்றால் யாருக்கும் தெரியாது. டவர் என்றால் தெரியும். காதுக்குப் பின்னால் மெஷின் மாட்டியிருப்பான். எட்டாம் வகுப்பில் அந்தப் பெயரைச் சூட்டியது அடியேன்தான். நான் வைத்த பெயர்களிலேயே நீண்ட நாள் ஓடிக்கொண்டிருப்பது.

"என்னடா டவர், சிக்னல் இந்தப் பக்கம் நல்லா வருதா?"

"ஆமா" என்றான். "ஒனக்கும் இந்தப் பக்கந்தான் நல்லா வரும்."

உளறுவாயன். முதுகைக் காட்டி உட்கார்ந்தேன்.

வீட்டில் அம்மா, "ஒரு காதுல வாங்கி மறு காதுல விட்டுர்ற" என்று திட்டினார். வாங்கியதெல்லாம் உள்ளேயே கிடக்கிறது, விட வழியில்லை.

அம்மா அந்தப் பக்கம் போனதும் தேங்காய் எண்ணெயில் பூண்டைத் தட்டிப் போட்டுச் சூடு பண்ணினேன். சும்மா. அறிவியல் ஆர்வம். மகிழினி பார்த்துவிட்டாள். முறைத்தேன், போய்விட்டாள்.

அக்டோபர் 28, செவ்வாய்

செத்துப்போன வயர் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு மகிழினி கட்டிலில் ஆடுகிறாள்.

"அண்ணா, இதுல ஒரு பாட்டு இருக்கு. தபேலா இந்தக் காதுலருந்து அந்தக் காதுக்குப் போகுது."

"இடது பக்கம் செத்துப்போச்சு அதுல."

"இல்லண்ணா. ரெண்டும் நல்லா இருக்கு. வேணும்னா கேளு."

பத்து வயதில் பொய் சொல்லப் பழகிவிட்டது. குடும்பத்தில் இதை யார் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று தெரியவில்லை.

மாலையில் மெலோபாட்டோடு கடைக்குப் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்பே பெனிட்டா அக்கா, 'இனி வரமாட்டேன்' பில்லை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டினார். என் ஐ.ஏ.எஸ். கையெழுத்து ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பொருள்ல ஒண்ணுமில்லடா."

"அப்ப எங்கிட்டயா இருக்கு?"

அவர் மெலோபாட்டின் இடது ரப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தலையணை உறையைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன். எண்ணெய்க் கறை. எண்ணெய் இந்த நாற்றம் நாறாதுதான்.

அக்டோபர் 29, புதன்

தாக்குதல் தொடங்கியது. அப்பா போன், அம்மா போன், என் போன். மொத்தம் ஏழு கணக்கு. ஜெரோம் செல் கார்னருக்கு ஏழு விமர்சனம், எல்லாம் ஒற்றை நட்சத்திரம்.

'பேரன் பேத்திக்கு வாங்கினேன், இடது பக்கம் வரவில்லை' என்று எழுதினார் ஓய்வுபெற்ற தாசில்தார் கந்தசாமி. 'மாப்பிள்ளைக்குச் சீராகக் கொடுத்தோம், சம்பந்தமே நின்றுவிட்டது' என்று குமுறினார் இல்லத்தரசி இசக்கியம்மாள். 'அந்த அக்கா வேண்டுமென்றே கெட்டதைத் தள்ளிவிடுகிறார்' என்று வழக்கறிஞர் வெற்றிவேந்தன் சட்டப்படி எச்சரித்தார். எனக்கு இவ்வளவு பேர் ஆதரவு இருப்பது எனக்கே தெரியாது.

அக்டோபர் 30, வியாழன்

பள்ளிக்குப் போகும் வழியில், கடை திறக்கும் முன், ஷட்டரில் அட்டை ஒட்டினேன். 'இவ்விடம் ஒற்றைக் காது உள்ளவர்களுக்கு மட்டும் பொருட்கள் கிடைக்கும்.' பக்கத்துக் கடையில் கோலமாவுப் பாக்கெட் வாங்க வந்த இரண்டு பேர் படித்துச் சிரித்தார்கள்.

அக்டோபர் 31, வெள்ளி

பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தேன். திடீரென்று வலது தோளை யாரோ தட்டினார்கள். பெனிட்டா அக்கா. மூச்சு வாங்கியது.

"எதுத்த கடையிலருந்து மூணு தடவ கூப்பிட்டேன்."

"கேக்கல."

"தெரியுது."

எனக்கு அந்தத் 'தெரியுது' பிடிக்கவில்லை.

"நாளைக்கு ஓனர் வாராரு. ஏழு பேரு எழுதுனதையும் படிச்சிட்டாரு. நான் கமிஷனுக்கு ஆசப்பட்டுக் கழிச்ச சரக்க எறக்குறேனாம். கவுண்டர மச்சானுக்குக் குடுக்கப் போறாராம். ஒம்போது வருசமா நிக்கிற கவுண்டர்."

"அதுக்கு நான் என்ன செய்யணும்?"

"நீ சொன்னது நெசம்னா நாளைக்குப் பதினோரு மணிக்கு அவரு முன்னால வந்து சொல்லு. நான் அப்பிடியே எறங்கிப் போயிர்றேன். பொய்யின்னா வராத."

இப்படிச் சொன்னால் எவன்தான் வராமல் இருப்பான்? சவால் என்று வந்துவிட்டால் வெடிவேந்தன் பின்வாங்குவதில்லை. மகிழினியைச் சாட்சியாக அழைத்துப் போகிறேன். ஐஸ்கிரீமுக்கு ஒப்பந்தம்.

நவம்பர் 1, சனி

நடந்தது மட்டும்.

ஜெரோம் பெரிய மீசைக்காரர். கல்லாவில் உட்கார்ந்திருந்தார். நான் மெலோபாட்டை நீட்டி, "இடது பக்கம் வேலை செய்யல, மூணு பெட்டியும் இதே கத" என்றேன். குரல் நன்றாகத்தான் வந்தது.

பெனிட்டா அக்கா பாட்டைப் போட்டு, இடது மொட்டைத் துடைத்து ஜெரோமிடம் கொடுத்தார். அவர் காதில் வைத்தார். "கேக்குது" என்றார். மகிழினியிடம் கொடுத்தார். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு, "கேக்குது" என்றாள்.

"இப்ப இவன்" என்றார் அக்கா. இடது மொட்டைத் தலைகீழாகத் திருப்பி என் வலது காதில் வைத்தார்.

பாட்டு கேட்டது.

"கேக்குதா?"

மொட்டைக் காதிலிருந்து பிடுங்கினேன்.

அடுத்து வலது மொட்டை எடுத்து என் இடது காதுக்குக் கொண்டுவந்தார். உள்ளே வைக்கவில்லை. காதுக்கு வெளியே ஒட்டினாற்போலப் பிடித்தபடி, ஒலியை முழுக்க ஏற்றினார். ஜெரோம் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்தே கால் தாளம் போடத் தொடங்கிவிட்டார். அவ்வளவு தூரத்துக்குக் கேட்டிருக்கிறது.

எனக்கு யாரோ அடுத்த தெருவில் தலையணையைத் தட்டுவது போலிருந்தது.

"மூணு பெட்டியிலயும் இடது ரப்பர்ல மட்டுந்தான் சீழு" என்றார் அக்கா, ஜெரோமைப் பார்த்து. "நான் அதத் தொட்டுத் தொடச்சேன். இந்தப் பய என்னயக் கழிச்ச சரக்கு விக்கிறவன்னு எழுதினான்."

பிறகு என் பக்கம் திரும்பினார். சரியாக வலது பக்கம் வந்து நின்றுகொண்டு பேசினார்.

"எழுதுனத ஒண்ணு விடாம அழி. இப்பவே, எங்கண்ணு முன்னால. அப்பறம் ஒங்கப்பனுக்குப் போனப் போடு. பெட்டின்னா கம்பெனி மாத்திக் குடுப்பான். காத எவன்டா மாத்திக் குடுப்பான்?"

தாசில்தார், இல்லத்தரசி, வழக்கறிஞர், எல்லோரையும் அழித்தேன். ஏழாவது ஆளை அழிக்கும்போது திரை சரியாகத் தெரியவில்லை. மகிழினி ஐஸ்கிரீம் கேட்கவில்லை.

நவம்பர் 3, திங்கள்

பெரியாஸ்பத்திரி. காது மூக்கு தொண்டைப் பிரிவு. டாக்டரம்மா விளக்கைப் போட்டு உள்ளே பார்த்துவிட்டு, "என்ன ஊத்தின?" என்றார்.

"எண்ணெய்."

"ஓட்டை விழுந்த சவ்வுல எண்ணெய். அதுக்கு மேல ரப்பர் வச்சு அடைப்பு. வேற எதாச்சும் மிச்சம் வச்சிருக்கியா, இல்ல எல்லாத்தையும் செஞ்சு பாத்துட்டியா?"

சீழ் நிற்க மருந்து. தண்ணீர் படக்கூடாது. மூன்று மாதம் எதையும் காதில் மாட்டக்கூடாது. சவ்வு தானாக மூடலாம். மூடாவிட்டால் ஆபரேஷன். முதல் நாளே வந்திருந்தால் இவ்வளவு தூரம் வந்திருக்காது என்றார். "எப்படி ஆச்சு?" என்று கேட்டபோது அப்பாவும் என்னைப் பார்த்தார்.

சொன்னேன்.

அப்பா காதைத் திருகவில்லை. திரும்பி வருகிற பஸ்ஸில் என் வலது பக்கம் உட்கார்ந்து வந்தவர், ஏழாவது ஸ்டாப்பில் ஒரே ஒரு வரி கேட்டார். அதுவும் மெதுவாக.

"டீக்கடையில இருந்தியாக்கும்?"

நவம்பர் 4, செவ்வாய்

பெனிட்டா அக்கா கவுண்டரிலேயே இருக்கிறார். எட்டிப் பார்த்துவிட்டு வந்தேன். என்னைப் பார்த்ததும் கண்ணாடியில் ஒட்டிய பில்லை விரலால் தட்டிக் காட்டினார். 'இனி வரமாட்டேன்.' மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். "ஏவார நேரம், நகரு" என்றார்.

சுதர்சனிடம் கேட்டேன். "ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"நீ தலையத் திருப்புற விதத்துல. நானும் அப்பிடித்தான் திருப்புவேன்."

"அப்பவே சொல்லியிருக்கலாம்ல?"

"டவர்னு பேரு வச்சவனுக்கு நான் எதுக்கு ஓசியில சொல்லணும்?"

நியாயம். எனக்கு வகுப்பில் இன்னும் பெயர் வைக்கவில்லை. வைக்கிற ஆள் நான்தான் என்பதால் தாமதம்.

கடைக்கு ஒரு விமர்சனம் எழுதினேன், சொந்தப் பெயரில், ஐந்து நட்சத்திரம். 'மெலோபாட் இரண்டு பக்கமும் நன்றாக வேலை செய்கிறது. இதற்கு முன் வாங்கிய இரண்டும் நன்றாகத்தான் வேலை செய்தன. அந்த அக்காவிடம் நம்பி வாங்கலாம். தள்ளுபடி கேட்காதீர்கள்.' மெலோபாட் இப்போது மகிழினியிடம். வயர் ஹெட்செட்டையும் அவள் திருப்பித் தரவில்லை.

இந்த நோட்டில் சில திருத்தங்கள் செய்ய வேண்டியிருக்கிறது. அடித்து எழுதினால் அசிங்கமாக இருக்கும். ஆகவே இங்கேயே.

டப்பா இரண்டாவது மாடியைத் தாண்டவில்லை. என் இடுப்பு உயரம் போயிருந்தால் அதிகம். திரி அணைந்துவிட்டது என்று நினைத்து, டப்பாவை லேசாகத் தூக்கி, பக்கவாட்டில் குனிந்து பார்த்தேன். அப்போதுதான் வெடித்தது. வீட்டுக்காரர் கைலியைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்ததை நான் பார்க்கவேயில்லை, மகிழினி சொன்னது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தது உண்மை. நல்ல பிள்ளையாக அல்ல. காதைப் பொத்திக்கொண்டு, மூக்கு ஒழுக அழுதுகொண்டு. டீ மாஸ்டர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார். வெடிவேந்தன் பட்டம் திரும்பப் பெறப்படுகிறது.

இன்னும் ஒன்று இருக்கிறது. இதை அப்பாவிடமும் சொல்லவில்லை, அக்காவிடமும் சொல்லவில்லை. சனிக்கிழமை கடையில் அவர் செய்து காட்டிய அந்தச் சோதனையை, இடது மொட்டைத் தலைகீழாகத் திருப்பி வலது காதில் வைப்பதை, நான் அதற்கு முன்பே செய்து பார்த்துவிட்டேன். தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, நான்கு முறை. நான்கு முறையும் கேட்டது. ஒற்றைக்காது ஸ்டோர்ஸ், தாசில்தார், ஷட்டர் அட்டை, எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அக்டோபர் 25ஆம் தேதி என் வயிறு நன்றாகத்தான் இருந்தது.